கேரவன் கூரை ஒழுகலை நான் அடைத்த விதம்

கேரவன் வண்டியின் படுக்கைக்கு மேலே, உள்கூரையில் பழுப்புக் கறை படர்ந்திருந்தது. ஓட்டை அதற்கு நேர் மேலே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. புகுந்த நீர் மரச்சட்டங்களின் வழியே ஊர்ந்து எங்கோ ஓரிடத்தில்தான் சொட்டும். ஆகவே கூரையின் தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி மேல் நோக்கி, பகுதி பகுதியாகக் குழாய் நீர் விட்டேன்; நண்பர் உள்ளே டார்ச்சுடன் நின்றார். காற்றுப்போக்கி மூடியை நனைத்ததும் துளி விழுந்தது. அங்கே பழைய சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை) மயிரிழை அளவு வெடித்து, ஒரு திருகின் துருவேறிய தலை தெரிந்தது.

முதலில் உட்பலகையைக் கழற்றி மரத்தை நன்றாக உலரவிட்டேன். ஈரத்தோடு மூடினால் மரம் மக்கிப்போகும். பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் பெயர்த்து, மூடியின் சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப் என்னும் பிசுபிசுப்பான ரப்பர் நாடாவைப் புதிதாக ஒட்டித் திருகினேன். நீரைத் தடுப்பதில் பெரும்பங்கு இந்த டேப்புக்குத்தான். என் வண்டியின் கூரை ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரால் ஆனது. பெட்ரோலியக் கரைப்பான் பட்டால் அது உப்பிவிடும் என்பதால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பிறகு, தானாகச் சமன்படும் லேப் சீலன்ட்டை (கூரை விளிம்புகளின் மேல் இடும் வகை) திருகுத் தலைகள் மறையும்படி இட்டேன். செங்குத்தான ஓரங்களில் அது வழிந்துவிடும். அங்கே வழியாத வகை வேண்டும்.

சாதாரண சிலிக்கோன் சீலன்ட்டை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். இந்த ரப்பரில் அது சரியாகப் பிடிக்காது. அதன் மேல் வேறெதுவும் ஒட்டாது.

இப்போது ஆண்டுக்கு 2 முறை ஏணி வைத்து ஏறி, எல்லா விளிம்புகளையும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.