மிக் ஜாகரின் செல்வம்: கலைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1965இல் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸுக்கு வணிக மேலாளராக வந்தார் அமெரிக்கரான ஆலன் கிளைன். வந்த வேகத்தில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தை நெருக்கி, 12.5 லட்சம் டாலர் முன்பணம் பேசி முடித்தார். இருபதுகளில் இருந்த ஐந்து பேருக்கு அது கனவிலும் காணாத தொகை. குழுவின் பாடகர் மிக் ஜாகர் லண்டன் பொருளியல் பள்ளியில் படித்து, பாட்டுக்காகப் படிப்பைப் பாதியில் விட்டவர். கணக்குத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு விஷயம் அவர் கண்ணுக்கும் தப்பியது.

குழுவினருக்கு இங்கிலாந்தில் ‘நாங்கர் ஃபெல்ஜ் மியூசிக்’ என்ற பெயரில் ஒரு நிறுவனம் இருந்தது. கிளைன் அதே பெயரில் அமெரிக்காவிலும் ஒன்றைப் பதிவு செய்தார். பணம் அமெரிக்க நிறுவனத்துக்குப் போனது. பெயர் நம்முடையது, ஆகவே நிறுவனமும் நம்முடையதுதான் என்று குழுவினர் நம்பினார்கள். அதன் உரிமையாளர் கிளைன்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் உண்டு. ஒப்பந்தம் வந்ததும் கலைஞர்கள் முதலில் பார்ப்பது தொகையை. பார்க்க வேண்டியது, பணத்தை வாங்கப்போவது யார், அந்த ‘யார்’ என்பவரின் சொந்தக்காரர் யார் என்பதை. லெட்டர்பேடில் உங்கள் பெயர் இருப்பது வேறு, பதிவுப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருப்பது வேறு.

கிளைனோடு 1972இல்தான் ஒரு சமரசம் ஏற்பட்டது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரியது. அறுபதுகளில் அவர்கள் பதிவு செய்த பாடல்கள் கிளைனின் ஆப்கோ நிறுவனத்திடமே நின்றுவிட்டன. ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’, ‘பெயின்ட் இட் பிளாக்’ எல்லாம் அதில் அடங்கும். எழுதியவர்களுக்கு ராயல்டி, அதாவது பாட்டின் வருமானத்தில் ஒரு பங்கு, வரும். ஆனால் அந்தப் பாட்டை யாருக்குக் கொடுப்பது, எந்தப் படத்தில் சேர்ப்பது என்பதில் கடிவாளம் அவர்கள் கையில் இல்லை. ஜாகர் இன்று பெரும் பணக்காரர். அந்தப் பணம் இளமையில் செய்த முதல் தவறுக்குப் பிறகு, அதிலிருந்து பாடம் கற்று, புதிதாகக் கட்டி எழுப்பியது.

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமை

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் சேர்ந்தது ஒன்று. அந்த வரியையும் மெட்டையும் ஒருமுறை பாடி வாசித்துப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. இதைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். இரண்டுக்கும் உரிமையாளர் வேறு வேறு ஆளாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் புளூஸ் பாடல்களைத்தான் மேடையேற்றியது. அப்போதைய மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டம் ஜாகரையும் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸையும் சமையலறையில் வைத்துப் பூட்டி, பாட்டு எழுதிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்றார் என ஒரு கதை உண்டு. பூட்டினாரோ இல்லையோ, அவர் எண்ணியது சரி. அடுத்தவர் பாட்டைப் பாடினால் எழுதியவருக்குரிய பங்கு அடுத்தவர் வீட்டுக்குப் போகும். ‘ஜாகர்–ரிச்சர்ட்ஸ்’ என்ற இரட்டைப் பெயர் அதன் பிறகுதான் வந்தது. அதே குழுவில் அதே மேடையில் நின்ற மற்றவர்களைவிட இவர்கள் இருவருக்கும் சொத்து பல மடங்கு கூடியதற்கு முதல் காரணம் இந்தப் பெயர்தான். நீங்கள் குழுவாக இயங்குபவர் என்றால், மெட்டுப் போடும்போது அறையில் யார் யார் இருந்தார்கள், யாருக்கு எத்தனை பங்கு என்று பாட்டு வெளிவரும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு ஓடிய பிறகு பேசினால் நட்பும் போகும்.

வரி கட்டாத பணத்தைச் சொந்தப் பணமாக எண்ணுவது

1970 வாக்கில் இந்தக் குழுவின் நிலை பரிதாபமானது. உலகம் முழுக்கப் புகழ், கையில் காசில்லை, பிரிட்டிஷ் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியோ மலைபோல் நின்றது. மேலாளர்கள் வரியைப் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணிச் செலவு செய்துவிட்டார்கள். அந்நாளில் பிரிட்டனில் அதிக வருமானக்காரர்களுக்கான வரி விகிதம் மிகக் கடுமை. சம்பாதித்துக் கட்டலாம் என்றாலும், சம்பாதிப்பதிலேயே பெரும் பகுதி மறுபடி வரிக்குப் போகும்.

1971 மார்ச்சில் இங்கிலாந்தில் விடைபெறும் கச்சேரிகள் நடத்தி, ஏப்ரல் 5ஆம் தேதி அந்நாட்டு வரியாண்டு முடிவதற்குள் பிரான்சுக்குக் கிளம்பினார்கள். ரிச்சர்ட்ஸ் வில்ஃபிரான்ஷ் கடற்கரையில் நெல்கோட் என்ற பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்தார். அதன் நிலவறையில், புழுக்கத்தில், அடுத்த ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவானது. வீட்டு வாசலில் ஒரு லாரி நின்றது. உள்ளே முழு ஒலிப்பதிவுக்கூடம். குழு சொந்தமாகச் செய்துகொண்ட லாரி அது. தங்களுக்கு வேலை இல்லாத நாட்களில் அதை லெட் ஸெப்பலின், டீப் பர்ப்பிள் போன்ற குழுக்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். கருவியை வாங்கி மூலையில் வைக்காமல் ஓட விட்டார்கள் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அந்த லாரி இப்போது கனடாவின் கால்கரி நகரில், தேசிய இசை மையத்தில் இருக்கிறது.

பிறகு குழுவின் வருமானம் நெதர்லாந்தில் பதிவான நிறுவனங்கள் வழியாக ஓடத் தொடங்கியது. கச்சேரிக்கு ஒன்று, பாடல் உரிமைக்கு ஒன்று என வேலைக்கு ஒரு நிறுவனம். சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் இதை நான் பின்பற்றத் தக்கதாகச் சொல்ல மாட்டேன். 1998இல் பிரிட்டன் வரிச் சட்டத்தை மாற்றியதும், இங்கிலாந்தில் நடக்கவிருந்த கச்சேரிகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்டார்கள். டிக்கெட் வாங்கிக் காத்திருந்தவன் ரசிகன். வரித் திட்டமிடல் வேண்டும். அதன் சுமை ரசிகன் தலையில் விழக் கூடாது. சாதாரணக் கலைஞர் செய்ய வேண்டியது இதைவிட எளிது. பணம் வந்த அன்றே வரிப்பங்கைப் பிரித்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுவது.

வேண்டியவரிடம் கணக்கை ஒப்படைப்பது

ஜாகர் செய்த மிகச் சிறந்த காரியம் அறுபதுகளின் கடைசியில் ரூபர்ட் லோவன்ஸ்டைனைத் தேடிப் பிடித்தது என்பேன். பவேரிய அரச வம்சத்தில் வந்த வங்கியாளர் அவர். ராக் இசை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. செவ்வியல் இசை கேட்பவர். இந்தப் பொருத்தமின்மைதான் நன்மை செய்தது. அவர் ரசிகராக மயங்கவில்லை, கூத்தில் கலந்துகொள்ளவில்லை, வரவு செலவை மட்டும் பார்த்தார். கிளைனிடமிருந்து பிரியச் சொன்னதும் பிரிட்டனை விட்டுக் கிளம்பச் சொன்னதும் அவரே. 2007 வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டு உடனிருந்தார்.

இதற்கு நேர்மாறான கதைகள் நெஞ்சை அறுப்பவை. அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயல் தன் கணக்கை முன்னாள் மனைவியின் சகோதரரிடம் விட்டிருந்தார்; 1989இல் அவர்மேல் 9 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட வேண்டி வந்தது. பாடகர் ஸ்டிங்கின் பணத்தில் ஏறத்தாழ 60 லட்சம் பவுண்டை அவருடைய கணக்கரே சுருட்டினார். 1995இல் கணக்கருக்கு ஆறு ஆண்டு சிறை. உறவுக்காரர், நண்பர், பல வருடப் பழக்கம் என்பதெல்லாம் தகுதி ஆகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறோமே, அளக்கிற ஆள் ஒருவர், போடுகிற ஆள் இன்னொருவர் என்று இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆடிட்டர் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கணக்கரைச் சந்தேகப்படுவதாக இதை எண்ண வேண்டாம். நேர்மையான கணக்கருக்கும் இது பாதுகாப்பு.

காளியின் நாக்கு

ரோலிங் ஸ்டோன்ஸின் நாக்குச் சின்னம் தெரியாதவர் குறைவு. 1970இல் ஜாகர், லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர் ஜான் பாஷைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். நாக்கை நீட்டிய காளியின் படம். அதைப் பார்த்து பாஷ் சிவந்த உதடும் நீட்டிய நாக்கும் மட்டும் வரைந்தார். கூலி 50 பவுண்டு. இரண்டாண்டு கழித்து இன்னும் 200 பவுண்டு கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் தவறு செய்யக்கூடிய இடம் இரண்டு பக்கமும் உண்டு. குழு தன் பக்கத்தைச் சரியாகச் செய்தது: காலப்போக்கில் பாஷிடமிருந்து முழுக் காப்புரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டது. இன்று சட்டையிலும் கோப்பையிலும் அந்த நாக்கு விற்கிறது. பாஷோ, கையால் வரைந்த மூலப்படத்தைத் தன்னிடமே வைத்திருந்தார். 2008இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதை 92,500 டாலருக்கு வாங்கியது. வரைகிற, வடிவமைக்கிற தம்பி தங்கைகளே, உரிமையை விற்றாலும் மூலப் படைப்பு யாரிடம் இருக்கும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

பெயர் எது, ஆள் எது

எண்பதுகளின் நடுவில் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் முட்டிக்கொண்டார்கள். ஜாகர் தனி ஆல்பம் போட்டார், 1988இல் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் தனிக் கச்சேரி நடத்தினார். மோசமில்லை, ஆனால் குழுவுக்கு வந்த கூட்டம் தனியாளுக்கு வரவில்லை. ஜனங்கள் பணம் கொடுத்தது அந்தச் சேர்க்கைக்கு. 1989இல் இருவரும் சமாதானமாகித் திரும்பியபோது கச்சேரி வணிகத்தையே மாற்றினார்கள். அதுவரை ஊருக்கு ஊர் ஓர் அமைப்பாளர், ஊருக்கு ஊர் பேரம். இப்போது மைக்கேல் கோல் என்ற டொரொண்டோ அமைப்பாளர் பயணம் முழுவதையும் மொத்தமாக எடுத்தார். டிக்கெட், சட்டை விற்பனை, விளம்பரதாரர், தொலைக்காட்சி எல்லாம் ஒரே கணக்கில் வந்தன. 2005 முதல் 2007 வரை நடந்த பயணம் 55.8 கோடி டாலர் வசூலித்து அப்போதைய உலகச் சாதனை ஆனது.

அமெரிக்கப் பாடகர்கள் பாப் டிலன், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் போன்றவர்கள் தங்கள் பாடல் தொகுப்பை மொத்தமாக விற்றுவிட்டார்கள். தம் குழுவின் 1971க்குப் பிந்தைய பாடல்களை விற்கும் எண்ணம் இல்லை என்று ஜாகர் 2023இல் ஒரு பேட்டியில் சொன்னார். நன்றாக வாழ்வதற்குப் பிள்ளைகளுக்கு 50 கோடி டாலர் தேவையில்லை என்றும், அந்தப் பணம் ஒருநாள் தொண்டுக்குப் போகலாம் என்றும் பேசினார். எட்டுப் பிள்ளைகளின் தகப்பன் அதைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

‘ஒரு துணுக்குதானே’

கடைசியாக, நம் ஊர் இளம் இசையமைப்பாளர்களை நினைத்து ஒன்று. 1997இல் தி வெர்வ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி’ பெரும் வெற்றி பெற்றது. அதில் வரும் வயலின் துணுக்கு, ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றுக்கு ஓல்டமின் வாத்தியக் குழு வாசித்த வடிவத்திலிருந்து எடுத்தது. ஒலிப்பதிவு உரிமைக்கு டெக்காவிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். பாடல் உரிமை கிளைனிடம் இருந்தது. அதை முன்கூட்டி வாங்கவில்லை. விளைவு, அந்தப் பாட்டை எழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டின் ராயல்டி முழுவதும் கைவிட்டுப் போயிற்று. எழுதியவர்கள் பட்டியலில் ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயர்கள் ஏறின.

இருபத்திரண்டு ஆண்டு அப்படியே போயிற்று. கிளைன் 2009இல் காலமானார். 2019 மே மாதம் லண்டனில் பாடலாசிரியர் விருது விழா ஒன்றில் ஆஷ்கிராஃப்ட் ஒரு செய்தி சொன்னார்: ஜாகரும் ரிச்சர்ட்ஸும் தங்கள் பெயரை விலக்கிக்கொண்டு, பாட்டையும் அதன் வருமானத்தையும் அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.