ராணுவம் காலி பண்ணிட்டு போன நிலம் ஊர் கைக்கு வந்தா என்ன பண்ணணும்: ஃபோர்ட் ஆர்டை வச்சு ஒரு வழிகாட்டி

ராணுவ முகாமை மூடப் போறாங்கன்னு நியூஸ் வந்த உடனே ஊர்ல ரியல் எஸ்டேட் பேச்சு ஆரம்பிச்சிடும், காலேஜ் வருமா, வீடு வருமா, கடற்கரைய ஒட்டி ஹோட்டல் வருமான்னு. மண்ணுக்குள்ள என்ன இருக்குங்கற பேச்சு ரொம்ப லேட்டாத்தான் வரும். கலிபோர்னியால மான்டரே வளைகுடா பக்கம் ஃபோர்ட் ஆர்டுன்னு ஒரு முகாம், 1917ல தொடங்கி 1994 செப்டம்பர்ல மூடினாங்க, சுமார் 28,000 ஏக்கர். மூடுறதுக்கு முன்னாடியே, 1990லயே, அமெரிக்காவோட ரொம்ப மோசமான மாசு இடங்கள் இருக்கற சூப்பர்ஃபண்ட் லிஸ்ட்ல ஏறிடுச்சு. மூடி முப்பது வருஷம் தாண்டியும் அங்க வேலை ஓடிட்டுத்தான் இருக்கு. அதனால இதுல என்ன சரியா போச்சு, எங்க இழுத்துச்சுன்னு பார்த்தாலே நமக்கு ஒரு வரிசை கிடைச்சிடும்.

எடுத்த உடனே மண் சாம்பிள் எடுக்க ஓடாதீங்க. முதல் வேலை பழைய பேப்பர். எந்த வருஷம் எந்த இடத்துல என்ன பண்ணாங்க, அது தெரியாம 28,000 ஏக்கர்ல எங்க தோண்டுவீங்க? பழைய ஏரியல் போட்டோ, துப்பாக்கிப் பயிற்சி மைதானங்களோட மேப், எரிபொருள் டேங்க் ரெக்கார்டு, குப்பை கொட்டின இடம், இதெல்லாம் வரிசையா வாங்கி ஒரே மேப்ல போடுங்க, அங்க வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்களையும் கூப்பிட்டு உக்கார வச்சு பேசுங்க, ஏன்னா "அந்த ஷெட்டுக்குப் பின்னாடி பள்ளத்துல ஊத்துவோம்" மாதிரி விஷயம் எந்த ஃபைல்லயும் இருக்காது. ஃபோர்ட் ஆர்ட்ல பாருங்க, விமானதளத்துல தீயணைப்புப் பயிற்சிக்காக ஒரு பள்ளத்துல எரிபொருள ஊத்தி கொளுத்தி அணைச்சாங்க, அங்க ஒரு மாசு. குப்பைமேட்டுல இருந்து கெமிக்கல் நிலத்தடி நீருக்கு இறங்குச்சு, அது வேற மாசு. கடற்கரை மணல்மேட்டப் பார்த்து சுட்டுச் சுட்டுப் பழகினதுல மண்ணெல்லாம் ஈயத் தோட்டா. உள்பக்கம் சுமார் 8,000 ஏக்கர் குண்டு போட்டுப் பழகின இடம், அங்க வெடிக்காத குண்டு. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற, டீம் வேற, செலவும் வேற.

அடுத்தது, எந்த இடத்துல என்ன வரப் போகுதுன்னு சுத்தம் பண்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். இதத்தான் நான் ரொம்ப முக்கியம்னு சொல்லுவேன். குழந்தை மண்ல விளையாடுற வீட்டுக்கு ஒரு அளவு, ரோட்டுக்கு அடியில போற மண்ணுக்கு வேற அளவு, ஆள் நடந்து மட்டும் போற காட்டுக்கு இன்னொரு அளவு. ஃபோர்ட் ஆர்ட்ல கட்டடங்கள் இருந்த பகுதியில 1995லயே கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி மான்டரே பே வந்துடுச்சு, விமானதளம் மரினா நகரத்தோட ஏர்போர்ட் ஆச்சு, கடற்கரை 2009ல ஸ்டேட் பார்க்கா திறந்தது, உள்காடு பெரும்பகுதி 2012ல தேசிய நினைவுச்சின்னம், அதாவது அரசு பாதுகாக்கற பொது நிலம். எல்லாத்தையும் வீடு கட்டுற தரத்துக்கு சுத்தம் பண்றேன்னு கிளம்பினா காசு பத்தாது. ஆனா இதோட மறுபக்கமும் இருக்கு, செலவக் குறைக்கறதுக்காகவே "இது பசுமைப் பகுதி"ன்னு எழுதிட்டு ஒரு வேலிய போட்டு விட்டுடுவாங்க, அத விடாதீங்க. கொலராடோவுல ராக்கி மவுண்டன் ஆர்சனல், விஷவாயுவும் பூச்சி மருந்தும் செஞ்ச இடம், இன்னிக்கு காட்டெருமை மேயுற சரணாலயம், ஆனா அங்க வீடு கட்டக் கூடாது, நிலத்தடி நீரக் குடிக்கக் கூடாது, மீன் பிடிச்சா சாப்பிடக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. தடையை இப்படி வெளிப்படையா எழுதி வச்சா அது நேர்மையான திட்டம். வெறும் பார்க்குன்னு பேர் மட்டும் வச்சா ஏமாத்து.

வெடிக்காத குண்டு வேலை எப்படி நடக்கும்னு கொஞ்சம் கிட்டப் போய் பாருங்க. ஃபோர்ட் ஆர்ட்ல முதல் சிக்கலே புதர், இடுப்புக்கு மேல மான்சனிட்டா மண்டிக் கிடக்கு, அதுவும் பாதுகாக்கப்பட்ட தாவரங்கள் இருக்கற காடு, அதனால திட்டம் போட்டு தீ வைக்கறாங்க, அந்தக் காட்டுக்கும் அப்பப்போ தீ தேவைதான். ஆனா புகை ஊருக்குள்ள வரும், 2003ல வச்ச தீ போட்ட எல்லையத் தாண்டியே போயிடுச்சு, அதனால காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கறதுல இருந்து ஆஸ்துமா இருக்கறவங்க எங்க தங்குவாங்கங்கற வரைக்கும் முன்னாடியே பேசிடணும். எரிஞ்சு முடிஞ்சதும் நிலத்த கயிறு கட்டி கட்டம் கட்டமா பிரிப்பாங்க. ஒருத்தர் மெட்டல் டிடெக்டர தரைக்கு மேல மெதுவா ஆட்டிட்டே ஒரு கோடு நடப்பார், சத்தம் வந்தா ஒரு சின்ன கொடிய நட்டுட்டு நகர்ந்துடுவார். அப்புறம் தோண்டுறவர் வந்து நேர் மேல கை வைக்காம பக்கவாட்டுல கொஞ்சம் கொஞ்சமா மண்ண எடுத்துட்டு உள்ள போவார். நிறைய தடவை வர்றது ஆணி, கம்பித்துண்டு, ராணுவ ரேஷன் டப்பா, வெடிச்சு சிதறின சில்லு. ஆனா எந்த பீப் எதுன்னு வெளிய இருந்து தெரியாதே, அதனால எல்லாத்தையும் ஒரே பயத்தோட தோண்டணும், செலவு ஏறுறதும் இங்கதான். கான்ட்ராக்ட் போடும்போது எத்தனை அடி ஆழம் வரைக்கும் தேடணும்னு கண்டிப்பா எழுதுங்க, "சுத்தம் பண்ணப்பட்டது"ன்னு மொட்டையா எழுதினா அதுக்கு அர்த்தமே இல்ல. ஹவாயில கஹோஓலாவேன்னு ஒரு தீவையே குண்டு போடப் பயன்படுத்தினாங்க, 40 கோடி டாலர் ஒதுக்கி சுத்தம் பண்ணியும் நிதிக்கான காலம் முடிஞ்சப்போ மேல்மட்டம்தான் முக்கால்வாசி முடிஞ்சது, நாலடி ஆழம் வரைக்கும் பார்த்தது பத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான்.

தண்ணி விஷயம் சத்தமே போடாது, அதனாலதான் பயம். மெஷின் பாகங்கள்ல கிரீஸ் எடுக்க டிரைகுளோரோஎத்திலீன்னு ஒரு கரைப்பான் பயன்படுத்துவாங்க, சுருக்கமா டிசிஇ, தண்ணிய விட கனம், அதனால கீழ கீழ இறங்கிட்டே போகும். அமெரிக்காவுல குடிநீர்ல லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான் வரம்பு. தண்ணிய பம்ப் பண்ணி வெளிய எடுத்து ஆக்டிவேட்டட் கார்பன் வழியா விட்டு வடிகட்டுறதுதான் வழக்கமான முறை, ஃபோர்ட் ஆர்ட்லயும் அதான், இது மாசக் கணக்கு வேலை இல்ல, பத்து இருபது வருஷக் கணக்கு, பம்புக்கு கரண்ட் பில் யார் கட்டுவாங்கன்னு இன்னிக்கே கேளுங்க. டிசிஇ ஆவியா மேல ஏறி வீட்டுக்குள்ளயும் வரும், அதனால மாசுத் தண்ணிக்கு மேல கட்டடம் கட்டுறதா இருந்தா தரைக்கு அடியில ஆவி வெளியேற குழாய் போடாம கட்ட விடாதீங்க.

பழைய கட்டடங்களப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல, ஈய பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ், இடிக்கற செலவு நிலத்தோட விலையையே சாப்பிடும். ஃபோர்ட் ஆர்ட்ல ரெண்டாம் உலகப்போர் காலத்து மரக் குடியிருப்புகள் பல வருஷம் அப்படியே பாழடைஞ்சு நின்னதுக்கு இதான் காரணம். இடிக்கற காசு யாரோட பொறுப்புன்னு நிலத்த வாங்கறதுக்கு முன்னாடி பேசிடுங்க.

சாம்பிள் ரிசல்ட்ட அப்படியே நம்பாதீங்க. சான்பிரான்சிஸ்கோவுல ஹண்டர்ஸ் பாயின்ட் கப்பல்தளத்துல கதிரியக்க மாசு இருக்கான்னு பார்க்க எடுத்த மண்ணுல, சந்தேகப்பட்ட இடத்துக்கு பதிலா சுத்தமான இடத்து மண்ண வச்சு அனுப்பியிருக்காங்க, ரெண்டு சூப்பர்வைசர்கள் குற்றத்த ஒத்துக்கிட்டு 2018ல ஜெயில் தண்டனை வாங்கினாங்க, எடுத்த டெஸ்ட்டெல்லாம் மறுபடி எடுக்க வேண்டியதாச்சு. சுத்தம் பண்ற கம்பெனி வேற, செக் பண்ற கம்பெனி வேறயா இருக்கணும். சாம்பிள்ல ஒரு பங்கு ஊர் சார்பா வேற லேபுக்கும் போகணும். இத படிச்சுப் புரிய வைக்க ஆள் இல்லைன்னா, சூப்பர்ஃபண்ட் இடத்துல இருக்கற ஊர்க்குழு சொந்தமா நிபுணர் வச்சுக்க 50,000 டாலர் வரைக்கும் அரசு மானியம் இருக்கு, கேட்டாத்தான் தருவாங்க.

இப்போ பத்திரம். அமெரிக்க சூப்பர்ஃபண்ட் சட்டப்படி அரசு நிலத்த மாத்திக் கொடுக்கும்போது, தேவையான சுத்தம் பண்ணியாச்சு, பின்னாடி வேற ஏதாவது கண்டுபிடிச்சா அதையும் அரசே பண்ணும்னு பத்திரத்துல உறுதி எழுதணும். அந்த வரி இல்லாம கையெழுத்து போடவே போடாதீங்க. சுத்தம் முடியறதுக்கு முன்னாடியே நிலத்த வாங்கிக்கற வழியும் இருக்கு, ஃபோர்ட் ஆர்ட்ல 2007ல சுமார் 3,300 ஏக்கருக்கு ராணுவம் கிட்டத்தட்ட 10 கோடி டாலர உள்ளூர் அமைப்புகிட்டயே கொடுத்து நீங்களே பண்ணிக்கோங்கன்னு விட்டுச்சு, செலவு எகிறினா தாங்க இன்சூரன்சும் எடுத்தாங்க. வேகமா நடக்கும், ஆனா காசும் தலைவலியும் சேர்ந்தே உங்க மடிக்கு வரும், சின்ன நகராட்சிக்கு நான் இத சிபாரிசு பண்ண மாட்டேன். அந்த அமைப்பையே 2020ல கலைச்சுட்டாங்க, அதனால மிச்ச வேலைய யார் தலையில வைக்கறதுன்னு அடுத்த பேச்சு வரும்ங்கறதையும் கணக்குல எடுத்துக்கோங்க.

வேலை முடிஞ்சதா கையெழுத்தான பிறகும் நிலத்தடி நீர டெஸ்ட் பண்ற மானிட்டரிங் கிணறுகள மூடிடாதீங்க. மாசு மிச்சம் இருக்கற இடத்துல அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை பண்ணணும்ங்கறது சட்டம், அது சும்மா சடங்கு இல்ல. நியூ ஹாம்ப்ஷயர்ல பீஸ் விமானதளம் 1991ல மூடி நல்ல பிசினஸ் பார்க் ஆச்சு, உள்ள குழந்தைகள் காப்பகம் கூட வந்தது, 2014ல பார்த்தா தீயணைப்பு நுரையில இருந்த பிஎஃப்ஏஎஸ்ங்கற, லேசுல அழியாத கெமிக்கல் குடிநீர்க் கிணத்துல, கிணத்தையே நிறுத்தினாங்க. முதல்ல சுத்தம் பண்ணப்போ அத யாரும் தேடவே இல்ல.

குண்டு கிடந்த பகுதிகள்ல ஃபோர்ட் ஆர்ட் சுத்தி இருக்கற நகரங்கள் ஒரு விதி போட்டிருக்கு, 10 கன கெஜமும் அதுக்கு மேலயும் மண்ண நகர்த்தணும்னா தனி பர்மிட் வேணும். இந்த மாதிரி விதிய முதல் வீடு விக்கறதுக்கு முன்னாடி போடுங்க, பத்திரத்துலயும் ஏத்துங்க, அதோட நகராட்சியோட பில்டிங் பர்மிட் சிஸ்டத்துல அந்த மனை நம்பரத் தட்டினாலே சிவப்பா எச்சரிக்கை வர்ற மாதிரி செட் பண்ணிடுங்க, ஏன்னா இருபது வருஷம் கழிச்சு நீச்சல்குளம் தோண்ட பர்மிட் கேட்டு ஒருத்தர் வரும்போது கவுண்டர்ல இருக்கறவருக்கு அங்க முகாம் இருந்ததே தெரிஞ்சிருக்காது.