அச்சிட்ட நிபந்தனையா, பேசி முடித்த நிபந்தனையா? விற்பனை ஒப்பந்தத்தில் எது செல்லும்?

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், "சரக்கு மார்ச் 10-க்குள் கட்டாயம் வந்து சேர வேண்டும்" என்ற வரி. பின்பக்கப் பொடி எழுத்தில், "ஒப்படைப்புத் தேதி தோராயமானது, தாமதத்துக்கு விற்பவர் பொறுப்பல்ல" என்ற இன்னொரு வரி. சரக்கு 20-ஆம் தேதிதான் வந்தது. இப்போது எந்த வரி செல்லும்?

படி 1: இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு தரப்பு எல்லாருக்கும் பொதுவாக முன்கூட்டியே தயாரித்து, பேரம் பேசாமல் நீட்டுவது பொது நிபந்தனை. இந்த ஒரு வியாபாரத்துக்கென்று இருவரும் பேசி வைத்தது தனி நிபந்தனை. கையால் எழுதியிருந்தால்தான் தனி நிபந்தனை என்றில்லை. டைப் செய்த வரியாகவும் இருக்கலாம்.

படி 2: நிஜமாகவே மோதுகிறதா?

அவசரப்பட வேண்டாம். "பணம் 60 நாளில்" என்று தனியாகப் பேசியிருக்கிறீர்கள், பொது நிபந்தனை "தாமதித்தால் வட்டி" என்கிறது. இதில் சண்டையே இல்லை. 61-ஆம் நாளிலிருந்து வட்டி, அவ்வளவுதான்.

படி 3: மோதினால் தனி நிபந்தனைக்கே முதலிடம்

யூனிட்ராய் (UNIDROIT) என்ற சர்வதேச அமைப்பு வகுத்த வணிக ஒப்பந்தக் கோட்பாடுகளின் 2.1.21-ஆம் விதி இதை நேரடியாகவே சொல்கிறது. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 305பி பிரிவும் அதே. உட்கார்ந்து பேசி எழுதிய வரியில்தான் இருவரின் உண்மையான எண்ணம் தெரியும் என்பதே காரணம். ஆகவே மேலே சொன்ன வழக்கில் மார்ச் 10 நிற்கும், "தோராயமானது" விழும். மோதாத மற்றப் பொது நிபந்தனைகள் அப்படியே இருக்கும்.

படி 4: நிரூபிக்க முடியுமா?

தனி நிபந்தனையை வாயால் மட்டும் பேசியிருந்தால், பலர் சறுக்கும் இடம் இதுதான். "இந்த ஆவணமே முழு ஒப்பந்தம்", "எழுத்தில் இல்லாத மாற்றம் செல்லாது" போன்ற வரிகளை முதலில் தேடிப் படியுங்கள். நாடுகளுக்கிடையேயான சரக்கு விற்பனைக்கான 1980-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 29-ஆம் விதியும், ஒப்பந்தம் மாற்றங்களுக்கு எழுத்தைக் கேட்டால் வாய்ப்பேச்சு போதாது என்கிறது. எதிராளி தன் நடத்தையால் உங்களை நம்பவைத்திருந்தால் மட்டும் கொஞ்சம் தப்பிக்கலாம். அதை நம்பி இருக்க வேண்டாம். போனில் பேசினால் அன்றே மின்னஞ்சல் அனுப்பி, சம்மதப் பதிலும் வாங்கிவிடுங்கள். ஒப்பந்தம் எழுத்தோடு கையெழுத்தும் கேட்டால், திருத்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

படி 5: வரிசையை நீங்களே எழுதுங்கள்

"முரண்பாடு வந்தால் முதலில் தனி நிபந்தனைகள், அடுத்து பர்ச்சேஸ் ஆர்டர், கடைசியாகப் பொது நிபந்தனைகள்" என்று ஒரு வரி போதும். அச்சுப் படிவத்தில் "எங்கள் பொது நிபந்தனைகளே மேலோங்கும்" என்று இருந்தால் கையெழுத்துக்கு முன்பே அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் இடுங்கள்.

அப்புறம் ஒன்று: இரு தரப்பின் அச்சுப் படிவங்களும் ஒன்றோடொன்று மோதுவது வேறு பிரச்சினை. அங்கே யூனிட்ராய் 2.1.22-ஆம் விதிப்படி பொதுவாக, பேசி முடித்தவையும் இரண்டு படிவங்களிலும் சாராம்சத்தில் ஒத்துப்போகும் நிபந்தனைகளும் மட்டுமே நிற்கும்.