வீதியில் வாழ்பவர்களைப் பூசைக்கு அழைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

புறக்கோட்டையிலும் மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை அடைத்த பிறகு நடைபாதையில் பாய் விரிப்பவர்களைத் தேடிப் போய், ஞாயிறு பூசைக்கு வரச் சொல்லும் இளைஞர் குழுக்கள் கொழும்பின் கத்தோலிக்கப் பங்குகள் சிலவற்றில் இருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் அநேகமாக ஒரே கதைதான் நடக்கிறது. முதல் கிழமை சிலர் வருகிறார்கள், அடுத்த கிழமை குறைகிறது, ஒரு மாதத்துக்குள் யாரும் இல்லை. பிறகு பங்குக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "அவங்களுக்குச் சாப்பாடுதான் வேணும், கோயில் வேணாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அந்தத் தீர்ப்பு அநியாயமானது. மற்றவர்கள் வருவதுபோல உள்ளே வந்து, மற்றவர்கள் இருப்பதுபோல இருந்து, மற்றவர்கள் போவதுபோலப் போக வழி செய்யாமலே நாம் அவர்களைக் கூப்பிடுகிறோம். அழைப்பு வாய்ச்சொல்லில் இருக்கிறது, ஆலயம் அதற்குத் தயாராக இல்லை. தவறுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

சோற்றுப் பார்சலும் பூசையும்

மிகப் பெரிய தவறு இதுதான்: பூசை முடிந்தபின் பார்சல், பூசைக்கு இருந்தவர்களுக்கு மட்டும் பார்சல். சில இடங்களில் துண்டு கொடுத்து, பூசை முடியும்போது அந்தத் துண்டைக் காட்டினால்தான் சாப்பாடு. செய்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒழுங்குக்காகச் செய்கிறோம் என்று நினைக்கிறார்கள். பசியோடு இருக்கிற ஒருவரிடம் ஒரு மணித்தியாலம் முழந்தாளில் இருந்தால் சோறு கிடைக்கும் என்று சொல்வது வேறென்ன? திருச்சபை இதைத் தெளிவாகவே விலக்கியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய ஏடு, யாரையும் வற்புறுத்தியோ தகாத வழிகளில் ஆசை காட்டியோ விசுவாசத்துக்குள் இழுப்பதைக் கண்டிப்பாகத் தடுக்கிறது.

இலங்கையில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நடைபாதையில் படுப்பவர்களில் பௌத்தர், சைவர், முஸ்லிம்கள், நம்மவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். 2004இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது எழுந்த குற்றச்சாட்டே, ஏழைகளுக்குப் பொருள் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்பதுதான். அது சட்டமாகவில்லை, சந்தேகம் மட்டும் போகவில்லை. "சாப்பாடு குடுக்கிறாங்க, வாங்க" என்று மட்டும் சொல்லி ஒரு முஸ்லிம் பெரியவரை அழைத்துவந்து, அவர் வந்து பார்த்தால் பூசை நடக்கிறது என்றால், அவருக்குச் செய்தது ஏமாற்று.

ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். சாப்பாடு கேட்டு வருகிற எல்லோருக்கும் சாப்பாடு. உள்ளே வந்தாலும் சரி, மதிலோரம் இருந்தாலும் சரி, வாங்கிக்கொண்டு நேரே போனாலும் சரி. பூசைக்கான அழைப்பு தனியாக, பூசை என்று சொல்லியே இருக்கட்டும்.

பூசைக்கு முன்பே கொடுப்பது இன்னும் நல்லது. நற்கருணை உபவாசம் கெட்டுவிடும் என்று சிலர் தயங்குவார்கள். திருச்சபைச் சட்டத்தின் 919ஆம் இலக்கம் கேட்பது நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணித்தியால உபவாசம். பூசை தொடங்குவதற்கு முன் ஒரு மணித்தியாலம் என்று அதில் இல்லை. காலை ஆறு மணிப் பூசையென்றால் நற்கருணை வழங்க ஆறரை தாண்டிவிடும். ஐந்தே காலுக்குத் தேத்தண்ணியும் பணிசும் கொடுத்தால் தாராளமாக நேரம் இருக்கிறது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணித்தியாலமும் கட்டாயமில்லை என்று அதே இலக்கம் சொல்கிறது. முந்திய இரவிலிருந்து வெறும் வயிற்றோடு இருப்பவருக்குப் பிரசங்கம் காதில் ஏறாது, மயக்கம்தான் வரும்.

வாசலில் அந்தப் பை

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு கொழும்பில் எந்தக் கோயில் வாசலும் பழைய வாசலாக இல்லை. பைகளைத் திறந்து பார்ப்பார்கள், சில இடங்களில் பெரிய பையை உள்ளே விடவே மாட்டார்கள். அன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் பங்குகளில் இருக்கும்போது, இந்தக் கட்டுப்பாட்டை யாரும் குறைசொல்ல முடியாது.

ஆனால் வீடில்லாதவருக்குப் பைதான் வீடு. அடையாள அட்டை, ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி, மருந்து, மாற்றுச் சாரம், போர்வை, யாரோ ஒருவரின் தொலைபேசி எண் எழுதிய துண்டு எல்லாம் அதற்குள். "பையை வெளிய வச்சிட்டு உள்ள போங்க" என்று சொன்னால் அவர் திரும்பிப் போய்விடுவார். அடையாள அட்டையைத் தொலைத்தால், நிலையான முகவரி இல்லாமல் கிராம அலுவலரிடம் உறுதிக் கடிதம் எடுத்து மறுபடி விண்ணப்பிப்பது எவ்வளவு பாடு என்பது அவருக்குத் தெரியும். திரும்பிப் போனவரைப் பற்றி உள்ளே இருக்கும் நாம், "வாறன் எண்டு சொல்லிப்போட்டு வரேல்ல" என்று பேசிக்கொள்கிறோம்.

இதைச் சரிசெய்வது கஷ்டமில்லை. பூட்டக்கூடிய ஓர் அறை, இலக்கமிட்ட இரண்டு துண்டுகள், பொறுப்புக்கு ஒரே ஆள். பையைச் சோதிப்பதானால் உரியவர் முன்னிலையில், அவரிடம் கேட்டு, பெண்ணின் பையைப் பெண்ணே பார்க்கட்டும். அட்டையும் மருந்தும் அவர் கையிலேயே இருக்கட்டும். பூசை முடிந்தவுடன் வரிசை இல்லாமல் திருப்பிக் கொடுங்கள். இன்னொன்று, வாசலில் நிற்கும் காவலருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அழைத்தவர்களில் ஒருவர் வாசலிலேயே நின்று, "வாங்க ஐயா" என்று கூட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டும். ஒரு ஆள் அங்கே நின்றால் பாதிப் பிரச்சினை வராமலே போய்விடும்.

காவல் என்றவுடன் அவர்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. வீதியில் திரிபவர்களைத் தண்டிக்க இடந்தரும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. கூட்டமாக ஏற்றிக்கொண்டுபோய் ரிதியகமவில் உள்ள தடுப்பு இல்லத்தில் விட்டுவிடுவார்கள் என்ற பயம் தெருவில் இருப்பவர்களிடம் உண்டு. பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் என்று கேட்டால் முகம் மாறும். பதிவு எதற்கு? பூசைக்கு வரும் மற்றவர்களிடம் நாம் கேட்பதில்லையே. திருச்சபைச் சட்டத்தின் 1221ஆம் இலக்கம், திருவழிபாடு நடக்கும் நேரத்தில் ஆலயத்துக்குள் நுழைவது தடையற்றதும் கட்டணமற்றதுமாக இருக்கவேண்டும் என்கிறது. காணிக்கைப் பை வரும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் போடாதவர் முன் பையை நிறுத்தி வைக்கவேண்டாம். இருபது ரூபா போடுகிறவரைத் தடுக்கவும் வேண்டாம்.

எந்த வாங்கில்?

அழைத்து வந்தவர்களை மொத்தமாகக் கடைசி இரண்டு வாங்குகளில் இருத்துவது, அல்லது அதற்கும் பின்னால் பிளாஸ்டிக் கதிரை போடுவது. "அவங்களுக்கு அதுதான் வசதி" என்பார்கள். யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இடமும் அழுக்குடை உடுத்தவருக்குக் கால்மாட்டில் இடமும் கொடுக்கிற சபையைப் பற்றி எழுதியிருக்கிறது. அந்த வாசகத்தை நம் கோயில்களில் ஒலிபெருக்கியிலேயே வாசிக்கிறோம்.

இடத்தை அவர்களே தெரிந்துகொள்ளட்டும். சிலர் உண்மையாகவே வாசலோரம் இருக்க விரும்புவார்கள், வெளியே போக வசதி என்று. அது அவர்கள் விருப்பம். அழைத்தவர் போய்ப் பக்கத்தில் இருக்கவேண்டும், அதுதான் முக்கியம். மணம் பற்றி முணுமுணுப்பு வரும், வராமல் இராது. அதற்காகக் குளித்துவிட்டு வாருங்கள் என்று நிபந்தனை போடாதீர்கள். குளிக்க எங்கே போவது? ஆலய வளவில் இருக்கிற குழாயையும் கழிவறையையும் பூசைக்கு ஒரு மணித்தியாலம் முன்பே திறந்து, ஒரு சவர்க்காரக் கட்டியும் துவாயும் வைத்தால் விரும்புகிறவர் பாவிப்பார். பண்டிகை நாள்களில் மட்டும் கழிவறையைத் திறக்கும் ஆலயங்கள் இருக்கின்றன. அழைக்கும் நாளிலாவது திறந்துவையுங்கள்.

பேசும் விதத்திலும் தவறுகிறோம். வயதில் மூத்தவரை "டேய்" என்றும், "நீ எங்க படுக்கிற?" என்றும் கேட்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அழைப்புக் குழுவில் இருந்தால், முதலில் அவர்களுக்குத்தான் மறைக்கல்வி வேண்டும். ஐயா, அம்மா, அண்ணா, அக்கா. சிங்களம் பேசுகிறவர் என்றால் மாத்தயா, அம்மே, அய்யே. தமிழ்ப் பூசைக்குச் சிங்களவரைக் கூட்டிவந்து ஒன்றும் விளங்காமல் இருத்தாதீர்கள். எந்தப் பூசை எந்த மொழியில் என்று தெரிந்து சொல்லுங்கள். நடுராத்திரியில் உறங்குபவரை எழுப்பி அழைக்கவேண்டாம். நடைபாதையில் ஒழுங்கான தூக்கம் கிடைப்பதே சில மணித்தியாலம். பெண்களிடம் பெண்கள் போய்ப் பேசட்டும்.

அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு

இதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி வேலை செய்து, முதுகு போனபின் அதே கடை வாசலில் படுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், சிறுவயதில் பூசைக்கு உதவியவர்கள், செபமாலையை மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் போய், "இயேசுவைத் தெரியுமா?" என்று தொடங்குகிறோம். முதலில் கேளுங்கள், எந்த ஊர், எந்தக் கோயில், கடைசியாக எப்போது பூசை கண்டீர்கள் என்று. பாவசங்கீர்த்தனம் செய்ய ஆசைப்படுகிறவர் இருக்கலாம். தகுதியோடு கேட்பவருக்குத் திருவருட்சாதனங்களை மறுக்கக்கூடாது என்பது 843ஆம் இலக்கம். ஞானஸ்நானச் சான்றிதழ் கொண்டுவா என்று அனுப்பவேண்டாம். பங்குக் குருவான சுவாமியிடம் அழைத்துப் போய்ப் பேசவைத்தால் அவரே தீர்மானிப்பார்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களும் வருவார்கள். நற்கருணை நேரத்தில் வரிசையில் நிற்பவரைப் பிடித்து இழுத்து விசாரிப்பதைவிட, நற்கருணைக்கு முன் சுவாமியே எல்லோருக்கும் பொதுவாக, "நற்கருணை வாங்காதவர்கள் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு வந்து ஆசீர் பெறலாம்" என்று சொல்லிவிடலாம். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் வரும் இந்துக்களையும் பௌத்தர்களையும் கொச்சிக்கடை எத்தனையோ காலமாக வரவேற்றுக்கொண்டுதான் இருக்கிறது. நமக்கு இது புதிதில்லை.

நம் நாட்டின் அப்போஸ்தலர் புனித யோசேவாஸ் அடிகளார் 1687இல் இலங்கைக்கு வந்தது கூலியாளின் கோலத்தில். ஒல்லாந்தர் காலத்தில் குருக்களுக்குத் தடை. கழுத்தில் செபமாலையுடன் யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டுப்போய், அதைக் கண்டு முகம் மலர்கிறவர்களைக் கொண்டுதான் கத்தோலிக்கர்களை அடையாளம் கண்டார். அவரை 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தது காலிமுகத்திடலில். அவர் சார்ந்த ஒரத்தோரியன் துறவிகளின் முன்னோடி புனித பிலிப்பு நேரியார். ரோமில் ஏழை யாத்திரிகர்களையும் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து போக்கிடமில்லாமல் நின்றவர்களையும் பராமரித்த சபையை 1548இல் தொடங்கியவர். அவர் பெயரில் ஓர் ஆலயம் புறக்கோட்டையிலேயே, கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பிச்சைக்காரராக வாசலில் நின்றவரைப் பீடத்தில் வைத்திருக்கும் திருச்சபை நம்முடையது. வீதியிலிருந்து வருகிறவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்ற எண்ணத்தோடு நாம் அவரை எதிர்கொள்ளக்கூடாது.

சுருக்கமாகச் சில

படம் எடுக்காதீர்கள். பேஸ்புக்கில் போடவே போடாதீர்கள். ஊரில் இருக்கும் மகளுக்கு அப்பா தெருவில் இருப்பது தெரியாமலிருக்கலாம். பீடத்துக்கு அழைத்து, "உங்க கதையச் சொல்லுங்க" என்று மைக்கைக் கொடுப்பதும் அதே வகைக் கொடுமை.

கசிப்புச் சாராயமோ போதைத் தூளோ எடுத்துவிட்டு வருபவரை வாசலில் வைத்துத் திட்டி அனுப்பவேண்டாம். சத்தமில்லாமல் இருந்தால் இருக்கட்டும். சத்தம் போட்டால், அறிமுகமான ஒருவர் மெல்ல வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்துக் கூட இருக்கட்டும். மனநோயால் தவிக்கிறார் என்று தெரிந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம், உயிருக்கு ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ். பொலிஸைக் கூப்பிடுவது கடைசியாக இருக்கட்டும்.

வேண்டாம் என்பவரிடம் மறுபடி மறுபடி கேட்காதீர்கள். அடுத்த கிழமையும் அவருக்கு வணக்கம் சொல்லுங்கள், பார்சல் இருந்தால் கொடுங்கள்.

நவம்பரில் மட்டும்

2017 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறு ஏழைகளின் உலக நாளாகக் கொண்டாடப்படுகிறது. அது நவம்பர் நடுப்பகுதியில் வரும். பல பங்குகள் அன்றைக்கு மட்டும் பெரிதாகச் செய்துவிட்டு அடுத்த நவம்பர்வரை மறந்துவிடுகின்றன. ஒரு நாளில் நூறு பேரை அழைப்பதைவிட, ஆண்டு முழுவதும் நான்கு பேரை அவர்கள் பெயர் சொல்லி அழைப்பதை நான் பெரிதாக மதிப்பேன். நான்கு பேரென்றால் பையை வைக்க அறை போதும், பக்கத்தில் இருக்க ஆள் போதும், ஒருவர் வராவிட்டால் எங்கே என்று தேடிப்போகவும் முடியும்.

நவம்பர் மாதத்தில் இறந்தோருக்காகப் பெயர் எழுதிக் காணிக்கை உறையில் போடுகிறோமே, அந்த உறையை அவர்களிடமும் கொடுங்கள், காணிக்கை இல்லாமல். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். அவர்களுக்கும் தாய் தகப்பன் இருந்தார்கள், பக்கத்தில் படுத்திருந்து ஒரு காலையில் எழும்பாமல் போன நண்பர்களும் இருப்பார்கள். அந்தப் பெயர்களைப் பூசையில் வாசிக்கச் சுவாமியிடம் கேளுங்கள்.

அந்த மாதத்தில் கொழும்பில் பின்னேரங்களில் இடியோடு மழை கொட்டும். மாலைப் பூசைக்கு வந்தவர் திரும்பும்போது அவர் படுக்கும் இடம் நனைந்திருக்கும், அல்லது வேறொருவர் பிடித்திருப்பார். ஆகவே அந்தக் காலத்தில் காலைப் பூசைக்கு அழையுங்கள். மாலைதான் முடியும் என்றால், மழை விடும்வரை மண்டபத்தைத் திறந்துவைக்கச் சம்மதிக்கும் ஒருவரை, திறப்போடு, முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.