ஒரே ஒரு விமர்சகரைப் பிடித்துக்கொண்டு உலக சினிமா பார்ப்பது எப்படி

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. டிசம்பர் வந்தால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக ஒரு கேரளா பஸ் பிடித்து திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி நாலு எட்டு வைத்தால் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்கள். அங்கே ஈரான் படமும் கொரியா படமும் அர்ஜென்டினா படமும் காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். சென்னைக்காரனுக்குக்கூட இந்தக் கேரள சர்வதேசத் திரைப்பட விழா இவ்வளவு பக்கத்தில் கிடையாது. ஆனால் பாஸ் எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் தடித்த ஒரு கையேட்டைக் கொடுப்பார்கள், அதில் வாயில் நுழையாத பெயர்களாக இருக்கும், பாதிப் பேர் போனை எடுத்து ஏதோ ஒரு தளத்தில் பத்துக்கு எத்தனை என்று பார்த்துவிட்டு 7.8 வாங்கிய படத்துக்கு வரிசையில் நிற்பார்கள். ஆயிரம் பேருடைய ரசனையைக் கூட்டி ஆயிரத்தால் வகுத்தால் வருகிற அந்த எண் யாருடைய ரசனையும் இல்லை. அதை நம்பி இரண்டரை மணி நேரம் இருட்டில் உட்காராதீர்கள்.

அதற்குப் பதிலாக, செப்டம்பரிலேயே ஒரு விமர்சகரைத் தேர்ந்தெடுத்து டிசம்பர் வரை அவர் ஒருவரை மட்டும் படியுங்கள். பத்துப் பேரை நுனிப்புல் மேய்வதைவிட ஒருவரை முழுக்கப் படித்தால்தான் அவருக்கு எது பிடிக்கும், எதில் பொறுமை போகும், எங்கே கண்ணை மூடிக்கொள்வார் என்பதெல்லாம் பிடிபடும். அது பிடிபட்ட பிறகு அவர் திட்டுகிற படம்கூட உங்களுக்கு வழி சொல்லும்.

யாரைப் பிடிப்பது? முதல் தடவை என்றால் ரோஜர் ஈபர்ட்டைத்தான் சொல்வேன். 1967இல் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் விமர்சகராக உட்கார்ந்தவர், 2013இல் இறக்கும்வரை எழுதினார். 1975இல் புலிட்சர் வாங்கினார், சினிமா விமர்சனத்துக்காக அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஆனால் நான் அவரைச் சொல்வது பரிசுக்காக இல்லை. காலையில் ரயிலில் பேப்பர் புரட்டுகிறவனுக்காக எழுதியதால் அவருடைய ஆங்கிலம் எளிமையானது, பத்தாம் வகுப்பு ஆங்கிலமும் போனில் ஒரு அகராதியும் இருந்தால் தாக்குப்பிடித்துவிடலாம். ஆயிரக்கணக்கான விமர்சனங்கள் அவர் பெயரிலுள்ள இணையதளத்தில் காசில்லாமல் கிடக்கின்றன. புதுப்படம் ஒருபக்கம் இருக்க, பழைய பெரிய படங்களைத் திரும்பப் பார்த்து எழுதிய கட்டுரைகள் மட்டும் 300க்கு மேல் இருக்கும், அதில் சத்யஜித் ராயின் அப்பு படங்களும் உண்டு. அங்கிருந்தே தொடங்குங்கள். ஊரும் முகமும் நமக்குப் பழக்கமானவை, அதனால் அவர் எதைக் கவனிக்கிறார், எதைத் தவறவிடுகிறார் என்று சுலபமாகச் சோதிக்கலாம்.

முதலில் நட்சத்திரத்தை மறந்துவிடுங்கள். ஈபர்ட் நான்குக்கு இத்தனை என்று போடுவார், ஆனால் அது விகடன் போட்ட மார்க் மாதிரி கிடையாது. விகடன் '16 வயதினிலே'வுக்கு நூற்றுக்கு 62.5 கொடுத்தது, அந்த மார்க்கை இன்னும் ஜனங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுகோல். ஈபர்ட் 2004இல் 'ஷாவ்லின் சாக்கர்' விமர்சனத்தில் வெளிப்படையாகவே எழுதினார்: என் நட்சத்திரம் ஒப்பீட்டு அளவு, ஒரு சண்டைப் படத்தை இன்னொரு சண்டைப் படத்தோடுதான் வைத்துப் பார்க்கிறேன் என்று. அதனால் அவர் மூன்று போட்ட கேலிப் படமும் மூன்று போட்ட சுவீடன் இயக்குநர் பெர்க்மனின் படமும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

விமர்சனத்தை இரண்டு துண்டாகப் படியுங்கள். படம் பார்க்கும் முன் முதல் இரண்டு பத்தி, அதோடு நிறுத்திவிட வேண்டும். மீதி படம் முடிந்த பிறகு. ஈபர்ட் சில சமயம் கதையைத் தாராளமாகச் சொல்லிவிடுவார் என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம் வேறு: முழுசாகப் படித்துவிட்டுப் போனால் நீங்கள் படத்தைப் பார்க்க மாட்டீர்கள், அவர் சொன்ன காட்சிகள் வந்துவிட்டதா என்று டிக் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இனி வருகிற பயிற்சிதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவருக்குப் பிடிக்காத ஒரு பெரிய படத்தை எடுங்கள். ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் 'டேஸ்ட் ஆஃப் செர்ரி' 1997இல் கான் விழாவில் தங்கப் பனை என்கிற முதல் பரிசைப் பகிர்ந்துகொண்ட படம். பதீ என்ற நடுத்தர வயதுக்காரர் தெஹ்ரானின் புறநகரில் மண்மேடுகளுக்கு நடுவே காரை ஓட்டிக்கொண்டே இருக்கிறார். தான் தற்கொலை செய்துகொண்டால் குழியில் மண் தள்ள ஒரு ஆள் வேண்டும், காசு தருவார். ஒரு இளம் படைவீரன், ஒரு மதக்கல்வி மாணவன், பறவைகளைப் பாடம் பண்ணுகிற ஒரு வயதானவர் என்று ஒவ்வொருவராக வண்டியில் ஏறுகிறார்கள். அவ்வளவுதான் படம். 1998இல் ஈபர்ட் இதற்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, தாங்க முடியாத சலிப்பு என்று எழுதினார். அதே சிகாகோவில், சிகாகோ ரீடர் என்ற வார இதழில் ஜோனதன் ரோசன்பாம் இதே படத்தைத் தூக்கி வைத்து எழுதினார், பிறகு கியரோஸ்தமி பற்றி ஒரு புத்தகமே சேர்ந்து எழுதினார்.

ஒரே ஊர், ஒரே படம். படத்தை முதலில் பாருங்கள், பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு விஷயம் கண்ணில் படும்: இரண்டு பேரும் பார்த்த உண்மைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பதீ ஏன் சாக நினைக்கிறார் என்று படம் சொல்வதில்லை, இருவருக்கும் அது தெரியும். கடைசியில் படப்பிடிப்புக் குழுவையே திரையில் காட்டுகிறார்கள், அதையும் இருவரும் கவனித்திருக்கிறார்கள். ஈபர்ட்டுக்கு அந்தக் கடைசித் துண்டு ஒரு பழைய தந்திரம், மனிதனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் என்னை ஏன் தள்ளி நிறுத்துகிறாய் என்று கோபம். ரோசன்பாமுக்கு அந்த வெற்றிடம் பார்வையாளன் வந்து நிரப்ப வேண்டிய இடம். இப்போது நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வந்துவிட்டால் ஈபர்ட்டின் குறிப்பை எப்படிப் பயன்படுத்துவது என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மனிதர்கள் மனம் திறந்து பேசுகிற படம் என்றால் அவரை நம்பலாம், பேசாமல் விலகி நிற்கிற படத்தை அவர் திட்டினால் அதற்கு முதல் வரிசையில் போய் நில்லுங்கள். (நான் ரோசன்பாம் பக்கம். ஆனால் அந்த விமர்சனத்தில் ஈபர்ட் கதையைச் சொல்லியிருக்கிற விதம் இருக்கிறதே, படத்தை வெறுத்தவர் எழுதியது என்றே தோன்றாது, அவ்வளவு நேர்மை.)

சரி, அப்புறம் விமர்சகர் யாரிடம் கற்றுக்கொண்டார் என்று தேடுங்கள். ஜப்பானிய இயக்குநர் ஓசுவைப் பற்றி ஈபர்ட் எழுதியதைப் படித்தால் டொனால்ட் ரிச்சி என்ற பெயர் வரும். போருக்குப் பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்புப் படையோடு ஜப்பான் போய் வாழ்நாளில் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர், 1959இல் ஜோசப் ஆண்டர்சனோடு சேர்ந்து ஜப்பானிய சினிமா வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர், 1974இல் ஓசுவைப் பற்றித் தனிப் புத்தகம். மேற்குலகம் ஓசுவை அறிந்ததில் இவருடைய எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஓசுவின் 1949 படம் 'லேட் ஸ்பிரிங்'. அப்பாவும் மகளும் கியோட்டோவில் ஒரு விடுதி அறையில் படுத்திருக்கிறார்கள், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும். அவள் பேசிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறாள், அப்பா தூங்கிவிட்டார். அவள் முகத்தில் மெல்லிய சிரிப்பு. அடுத்த ஷாட்டில் அறையின் ஓரத்தில் ஒரு ஜாடி, பின்னால் காகிதக் கதவில் மரக்கிளைகளின் நிழல். திரும்ப அவள் முகம், இப்போது அழுகை முட்டுகிறது. மறுபடியும் ஜாடி. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஜாடி அங்கே என்ன செய்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். எழுதிய பிறகு தேடிப் பாருங்கள், ரிச்சி ஒன்று சொல்லியிருப்பார், பால் ஷ்ரேடர் 1972 புத்தகத்தில் ஒன்று சொல்லியிருப்பார், தத்துவவாதி டெல்யூஸ் ஒன்று, டேவிட் போர்ட்வெல் இவர்கள் எல்லாரோடும் மல்லுக்கு நின்றிருப்பார். ஒரு ஜாடிக்காக இத்தனை பேர் சண்டை போட்டதைப் பார்த்த பிறகு 7.8 என்ற எண்ணை உங்களால் மதிக்க முடியாது.

விமர்சனத்தின் தேதியைப் பார்க்கப் பழகுங்கள். ஒரு விமர்சகரின் செல்வாக்கு என்பது பெரும்பாலும் தேதியில்தான் இருக்கிறது, எல்லாரும் கொண்டாடிய பிறகு கொண்டாடுவது யாருக்கும் முடியும். 1967இல் 'போனி அண்ட் கிளைட்' வந்தபோது நியூயார்க் டைம்ஸின் போஸ்லி க்ரௌதர் திட்டித் தீர்த்தார். வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆகியிருந்த ஈபர்ட் செப்டம்பரில் அதைப் பாராட்டினார், அக்டோபரில் பாலின் கேல் நியூயார்க்கர் பத்திரிகையில் நீளமாக வக்காலத்து வாங்கினார். அடுத்த வருடம் தொடங்கும்போது டைம்ஸில் க்ரௌதரின் நாற்காலியில் வேறு ஆள். அதே 1967இல் சிகாகோ விழாவில் பெயர் தெரியாத ஒரு இளைஞனின் முதல் படத்தை ஈபர்ட் மெச்சி எழுதினார், அந்த இளைஞன்தான் பின்னாளில் பெரிய இயக்குநரான மார்ட்டின் ஸ்கார்செஸி. பிரான்சுக்குப் போனால் இன்னும் நேரடியான உதாரணம் இருக்கிறது: ஆந்த்ரே பாஸன் 1951இல் தொடங்கிய பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த பையன்கள்தான் பிறகு இயக்குநர்களான த்ரூஃபோ, கோதார், ரோமர். த்ரூஃபோ முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கிய சமயத்தில் 1958 நவம்பரில் பாஸன் இறந்தார், படம் அவருக்கே சமர்ப்பணம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஒரு கதை உண்டு மக்களே. அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியல், மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்தவர், அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. கடன்பட்டு, மறக்கப்பட்டு, 1975இல் இறந்தார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற சினிமா எழுத்தாளர் அவரைத் தேடிப்பிடித்து விடாமல் எழுதியதால்தான் இன்று கேரள அரசின் உயரிய சினிமா விருது டேனியல் பெயரில் இருக்கிறது. 'விகதகுமாரன்' படத்தில் நாயகியாக நடித்த பி.கே. ரோஸியை, தலித் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று அடித்து விரட்டினார்கள். அவரைப் பற்றிய எழுத்து இன்னும் தாமதமாகத்தான் வந்தது.

இதிலிருந்தே ஈபர்ட்டின் எல்லையும் தெரியும். ராய் வரை அவரை நம்பலாம், நம் பக்கத்துப் படங்களுக்கு அவரிடம் போகாதீர்கள். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' 1982இல் லண்டன் திரைப்பட விழாவில் சதர்லேண்ட் கோப்பை வாங்கியது, அதில் அந்தத் தறவாட்டு வீட்டையும், அதாவது பழைய கூட்டுக்குடும்ப வீட்டையும், நிலம் கைவிட்டுப்போன காரணவன் என்கிற குடும்பத் தலைவனையும் புரிந்துகொள்ள நமக்கு மலையாள விமர்சகர்கள்தான் வேண்டும். மலையாளம் வாசிக்கத் தெரிந்தால் விஜயகிருஷ்ணன், ஐ. ஷண்முகதாஸ் இருவரையும் தேடுங்கள். தமிழில் பழைய படங்களுக்கு தியடோர் பாஸ்கரன். மலையாள எழுத்து தெரிந்தவர்களுக்கு இன்னொரு லாபம், எம்சோன் என்ற தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான உலகப் படங்களுக்கு மலையாள சப்டைட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். வேகமாக ஓடுகிற ஆங்கில எழுத்தைத் துரத்த வேண்டாம்.

விழா நாட்களில் இதையெல்லாம் எப்படிப் பயன்படுத்துவது என்றால், கையேட்டில் படத்தின் பெயரைப் பார்க்காமல் இயக்குநரின் பெயரைப் பாருங்கள். புதுப்படத்துக்கு விமர்சனம் கிடைக்காது, ஆனால் அவருடைய முந்தைய படத்துக்கு உங்கள் ஆளோ ரோசன்பாமோ ஏதாவது எழுதியிருப்பார்கள், அதைப் படித்தால் போதும். யாரும் எழுதாத புதியவர் என்றால் ஃபிப்ரெஸி பரிசு இருக்கிறதா பாருங்கள், அது உலக விமர்சகர் சங்கம் கொடுப்பது, திருவனந்தபுரத்திலும் தருகிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று படத்துக்கு மேல் வேண்டாம், நாலாவது படத்தில் யாராக இருந்தாலும் தூங்குவார்கள். முன்பதிவை முந்தின நாளே முடித்துவிடுங்கள். ராத்திரி ஷோ பார்ப்பதாக இருந்தால் நம் பக்கம் திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசையில் நிற்கும்போது போனை உள்ளே வைத்துவிட்டு முன்னால் நிற்கிற அண்ணனிடமோ சேச்சியிடமோ பேச்சுக் கொடுங்கள். கொரிய இயக்குநர் கிம் கி-டுக் கேரளத்தில் சினிமா நட்சத்திரம் மாதிரி ஆனது வரிசைப் பேச்சாலும்தான், 2013இல் அவர் விழாவுக்கு வந்தபோது தெருவில் கூட்டம் சூழ்ந்தது. கொரியாவில் அவருக்கு அந்தக் கூட்டம் இருந்ததில்லை. படம் முடிந்து சாயாவும் பழம்பொரியும் சாப்பிடுகிற நேரத்தில் ஒரு நோட்டில் மனதில் நின்ற ஒரே ஒரு ஷாட்டை மட்டும் எழுதுங்கள். யார் எங்கே நின்றார்கள், வெளிச்சம் எந்தப் பக்கம், அப்போது என்ன சத்தம் கேட்டது. நன்றாக இருந்தது, சுமார் என்கிற வார்த்தைகளே அந்தப் பக்கத்தில் வரக்கூடாது. வீட்டுக்கு வந்து விமர்சனத்தின் மீதிப் பாதியைப் படிக்கும்போது அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈபர்ட் என்ன சொல்லியிருப்பார் என்று படிக்கும் முன்பே உங்களால் சொல்ல முடிகிற நாள் வரும். அன்றைக்கு ஆளை மாற்றிவிடுங்கள். அடுத்ததாக பாலின் கேலை எடுக்கலாம். அவர் பெரும்பாலும் ஒரு படத்தை ஒரே தடவைதான் பார்ப்பார், முதல் தடவை உடம்பில் ஏறியதை அப்படியே சூடாக எழுதிவிடுவார், ஈபர்ட்டின் நிதானம் அங்கே இருக்காது. பத்தாவது பக்கத்திலேயே உங்களுக்குச் சண்டை பிடிக்கத் தோன்றும், பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள்.