பங்காளிக்குத் தெரியாம சாமானை வித்தது மனசை அரிக்குதா? போய்ப் பேசுறது எப்படின்னு சொல்றேன்

செட்டிநாட்டுப் பக்கம் பூட்டிக் கிடக்குற பெரிய வீடுகள்ல சாவி யார் கையில இருக்கோ அவங்களுக்கு ஒரு சோதனை வரும், பணமுடை நேரத்துல ரெண்டாங்கட்டு அறையைத் திறந்து ஒரு அண்டாவையோ கண்ணாடியையோ மத்த பங்காளிகளுக்குச் சொல்லாம வித்துருவாங்க. அப்புறம் வருஷக்கணக்கா அந்தப் பங்காளியை எங்க பாத்தாலும் நெஞ்சு திக்குங்கும். அவங்களுக்குத்தான் இதை எழுதுறேன், கைமாத்து வாங்கித் திருப்பாதவங்களுக்கும் பொருந்தும்.

முதல்ல ஒண்ணு. பிள்ளையார்பட்டி உண்டியல்ல போடுறது, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்குறது எல்லாம் நல்ல காரியம், தாராளமா செய்யுங்க, ஆனா அந்தப் பணம் உங்க பெரியப்பா மகனுக்குச் சேர வேண்டியது, சாமிக்கு இல்ல. அவர்கிட்ட போகாத வரைக்கும் உறுத்தல் போகாது.

போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதுங்க. என்ன எடுத்தீங்க, எந்த வருஷம், எவ்வளவுக்குப் போச்சு, இன்னைக்கு என்ன விலை, மொத்தம் எத்தனை பங்கு. செம்பு அண்டான்னா விளிம்புல அப்பத்தா பேர் புள்ளி புள்ளியா வெட்டியிருந்துச்சான்னு கூட எழுதுங்க, ஏன்னா அவருக்கு அது வெறும் செம்பு இல்ல, எடைக்குப் போட்ட கணக்கை மட்டும் நீட்டுனா காயம் கூடத்தான் செய்யும்.

எப்போ போறதுங்கறது ரொம்ப முக்கியம். முன்னோரைக் கும்பிடுற படைப்புக்கு எல்லாப் பங்காளியும் கூடுறாங்களே, அன்னைக்கே சொல்லிடலாம்னு தோணும், வேண்டாம். நாலு பேர் முன்னாடி சொன்னா அவர் கோவப்படக் கூட முடியாம பெருந்தன்மை காட்ட வேண்டியதாயிரும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடவே போடாதீங்க. போன் பண்ணிட்டு, சாதாரண நாள்ல, தனியா அவர் வீட்டுக்குப் போங்க.

பேச்சு சுருக்கமா இருக்கட்டும். "அண்ணே, ரெண்டாங்கட்டுல இருந்த அண்டா ரெண்டையும் உங்ககிட்ட கேக்காம நான்தான் வித்தேன். தப்பு என்னோடது. உங்க பங்கைக் கொண்டாந்திருக்கேன்." அவ்வளவுதான், அப்புறம் வாயை மூடிட்டு அவர் சொல்றதைக் கேளுங்க. "தப்பு நடந்துபோச்சு"ன்னு சொல்லாதீங்க, அது தானா நடக்கல. 2016ல ஓஹியோ ஸ்டேட் யுனிவர்சிட்டி பேராசிரியர் ராய் லெவிக்கி குழு மன்னிப்புக் கேக்குறதுல உள்ள ஆறு அம்சத்தைச் சோதிச்சுப் பாத்தாங்க, பொறுப்பை ஏத்துக்கிறதுக்குத்தான் மதிப்பு அதிகம், அடுத்து சரி பண்றேங்கறது, "மன்னிச்சிருங்க"ன்னு கேக்குறது கடைசி. எனக்கும் அதுதான் சரின்னு படுது, மன்னிக்கச் சொல்லிக் கேட்டா அவர் தலையில இன்னொரு வேலையை ஏத்துற மாதிரி.

முழுசா கட்ட முடியலன்னா மாசாமாசம் தர்றேன்னு எழுதிக் குடுங்க. புரோநோட்டு மூணு வருஷத்துல காலாவதியாயிரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா 1872 ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவுப்படி, காலாவதியான கடனைத் தர்றேன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டா அது செல்லும். அந்தத் தாளைக் குடுங்க, வாய்வார்த்தையை விட அவருக்கு அது தெம்பு. வீட்டு மேல ஏற்கனவே கேஸ் நடக்குதுன்னா மட்டும் முதல்ல வக்கீலைப் பாருங்க.

அவர் இறந்துட்டாருன்னா அண்ணிக்கோ பிள்ளைகளுக்கோ சேரணும், எதுக்குன்னு சொல்லியே குடுங்க, மொய் மாதிரி நைசா திணிக்காதீங்க. கதவைத் திறக்கலையா, ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க, திரும்பத் திரும்பப் போய் நிக்காதீங்க, அவருக்குக் கோவப்பட உரிமை இருக்கு.

ஒரு பொண்ணைப் பத்தித் தப்பா பேசி வரனைக் கெடுத்த மாதிரி விஷயம்னா கதை வேற. அந்தப் பொண்ணுகிட்ட போய்க் கொட்டிப் பழசைக் கிளறாதீங்க, யார்கிட்டல்லாம் பொய் சொன்னீங்களோ அவங்ககிட்ட போய் "நான் சொன்னது பொய்"னு சொல்லுங்க.

எல்லாம் செஞ்சும் தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, உயிரோட இருக்கணுமான்னு தோணுதுன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.