'தி சர்ச்சர்ஸ்' ஏமாற்றிவிட்டதா? இரண்டாம் முறை பார்க்கும் முறை

2008-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெஸ்டர்ன் (கௌபாய்) படங்களில் முதலிடம் கொடுத்த படம், ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956). பார்த்து முடித்ததும் "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று தோன்றினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரசனையை அல்ல, பிரதியையும் டிவியையும்.

படம் 119 நிமிடம். பால் (PAL) என்ற டிவி முறைக்குத் தயாரித்த டிவிடியில் 114 நிமிடம்தான் காட்டும். நொடிக்கு 24 பிரேம் 25 ஆக ஓடுவதால் வரும் வித்தியாசம் அது, எதுவும் வெட்டப்படவில்லை. இன்றைய அகலத் திரையைப் படம் ஏறக்குறைய முழுதாக நிரப்ப வேண்டும். இருபுறமும் தடித்த கறுப்புப் பட்டை வந்தால் அது பழைய சதுர டிவிக்குத் தயாரித்த பிரதி, தூக்கிப் போடுங்கள். டிவி மெனுவில் எல்ஜி என்றால் 'ட்ரூமோஷன்', சோனி என்றால் 'மோஷன்ஃப்ளோ' என்று இருக்கும், அசைவை மிருதுவாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குதிரைகள் சீரியல் காட்சி மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். 43 அங்குலத் திரைக்கு ஐந்தாறு அடி தள்ளி உட்காருங்கள். இருட்டிய பிறகு பார்ப்பது முக்கியம். முதல் காட்சியே இருண்ட வீட்டுக்குள்ளிருந்து கதவு திறந்து வெயிலுக்குப் போகிறது. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் அந்த இருட்டு சாம்பலாகி, காட்சியே செத்துவிடும். ஃபோனில் பார்த்தவர்கள் இன்னும் படம் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல். கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலை ஊருக்கு மேலேயே நிற்கிறது. மொட்டைப் பாறை நமக்கு அதிசயமில்லை. அதனால் படம் எடுக்கப்பட்ட அமெரிக்காவின் மானுமென்ட் பள்ளத்தாக்கின் பாறைகளை ரசிக்க முயலாதீர்கள். அவற்றின் அடியில் மனிதன் எவ்வளவு சிறியதாக வைக்கப்படுகிறான், வீட்டுக்குள் வந்ததும் அதே ஆள் எப்படிச் சட்டகத்தை அடைக்கிறான் என்று பாருங்கள். கொமான்சி பழங்குடியினர் கடத்திய அண்ணன் மகளைத் தேடி அலையும் ஈத்தனை (ஜான் வெய்ன்) நாயகனாக நினைத்துக் கைதட்டக் காத்திருந்தால் படம் கைவிட்டுவிடும். இறந்த கொமான்சியின் கண்களைச் சுடுகிறானே, அந்த இடத்திலேயே அவனுடைய வெறுப்பின் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே, அண்ணி மார்த்தா அவன் கோட்டைத் தடவிக் கொடுப்பதும் கேப்டன் அதைப் பார்க்காததுபோல் நிற்பதும் வசனமே இல்லாமல் கடந்துவிடும். முதல் முறை பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். காலம் குழம்பினால், மார்ட்டினின் காதலி லாரி (Laurie) அவன் கடிதத்தை வாசிக்கும் பகுதியைக் கவனியுங்கள். ஆண்டுகள் அங்கேதான் நகர்கின்றன.

சில குறைகள் எந்த டிவியிலும் சரியாகாது. லுக் என்ற பழங்குடிப் பெண்ணை, ஈத்தனோடு சேர்ந்து தேடும் இளைஞன் மார்ட்டின் உதைத்துச் சரிவில் உருட்டுவதை நகைச்சுவையாக வைத்தது அசிங்கம். கொமான்சி தலைவன் வேடத்தில் நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன். இவற்றால் வந்த ஏமாற்றம் நியாயமானது, அதைப் பட்டியல்களுக்காக மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

இரண்டாம் முறையும் ஒட்டவில்லையென்றால் மூன்றாம் முறை வேண்டாம். 85 நிமிட 'ஹை நூன்' (1952) போடுங்கள். அது கறுப்பு வெள்ளை, சதுரத்துக்கு நெருக்கமான சட்டகத்தில் எடுத்த படம்; இருபுறமும் கறுப்புப் பட்டை வருவதுதான் அதற்குச் சரி, ஸூம் செய்து நிரப்பாதீர்கள்.